வாசகர் கேள்வி பதில்: தொடர்புப் போக்குத் தேர்வுக்குத் தயாராவது எப்படி?

இம்முறை வந்த கடிதங்களில் ஆறு, ஒரே பாடத்தைப் பற்றியவை. கல்லூரிகளில் உள்மதிப்பீட்டுத் தேர்வுகள் நெருங்குவதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஓர் அளவைக் கொண்டு இன்னோர் அளவை மதிப்பிடக் கோடு போடும் முறை அது. வகுப்பில் 'ரெக்ரஷன்' என்றும் தமிழ்ப் பாடநூலில் 'தொடர்புப் போக்கு' என்றும் வழங்கும் அந்தப் பாடத்துக்கே இந்தப் பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன். நீண்ட கடிதங்களைச் சுருக்கித் தந்துள்ளேன்.

கேள்வி: இரண்டாம் ஆண்டு இளங்கலை கணிதம் படிக்கிறேன், புள்ளியியல் துணைப்பாடம். இன்னும் பத்து நாளில் நேர்கோட்டுத் தொடர்புப் போக்கில் தேர்வு. குறிப்பேட்டில் உள்ள பதினேழு சூத்திரங்களையும் மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனாலும் புதிய கணக்கு ஒன்றைப் பார்த்தால் எதை எடுப்பது என்று தெரியாமல் திகைக்கிறேன். என்ன செய்வது, ஐயா? (ஒரு மாணவி, காரைக்குடி)

பதில்: முதலில் குறிப்பேட்டை மூடி வையுங்கள். நீங்கள் எண்ணி வைத்திருக்கும் பதினேழில் பெரும்பாலானவை, இரண்டு சராசரிகளையும் மூன்று தொகைகளையும் வெவ்வேறு விதமாக அடுக்கி எழுதியவையே. அந்த ஐந்து எண்களைப் பிழையின்றிக் கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டால், மற்றவற்றைத் தேர்வறையிலேயே வருவித்துக்கொள்ளலாம்.

நானே புனைந்த ஒரு சிறு கணக்கைச் சொல்கிறேன். பக்கத்தில் தாளை வைத்துக்கொண்டு கூடவே போடுங்கள். உங்கள் ஊரில் ஒரு பலகாரக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்து வாரங்களில், வாரத்துக்கு முறையே 1, 2, 3, 4, 5 திருமணங்கள் நடந்தன. அந்த வாரங்களில் அந்தக் கடையில் விற்ற தேன்குழல் முறையே 12, 15, 21, 22, 30 கிலோ. திருமண எண்ணிக்கை சாரா மாறி. விற்பனை சார்ந்த மாறி. சராசரிகள் 3, 20. இனி ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அதன் சராசரியைக் கழித்து எழுதுங்கள். திருமணங்களின் விலக்கங்கள் −2, −1, 0, 1, 2. விற்பனையின் விலக்கங்கள் −8, −5, 1, 2, 10. முதல் வரிசையின் வர்க்கங்களைக் கூட்டினால் 10. இரண்டாம் வரிசையின் வர்க்கங்களைக் கூட்டினால் 194. இரண்டையும் ஒன்றோடொன்று பெருக்கிக் கூட்டினால் 16 + 5 + 0 + 2 + 20, அதாவது 43. நான் சொன்ன மூன்று தொகைகள் இவைதான்.

கோட்டின் சாய்வு 43-ஐ 10-ஆல் வகுத்தால் கிடைக்கும் 4.3. கோடு சராசரிப் புள்ளியின் வழியே செல்ல வேண்டும் என்பதால், வெட்டுத்துண்டு 20 − 4.3 × 3 = 7.1. ஆகவே, விற்பனை = 7.1 + 4.3 × திருமணங்கள். இரு அளவுகளும் எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து மாறுகின்றன என்பதைக் காட்டும் ஒட்டுறவுக் கெழு, 43-ஐ 10 × 194 = 1940-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும் 0.976, அதன் வர்க்கமான நிர்ணயக் கெழு 0.953. புதிய தொகை எதையும் நாம் தேடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இங்கேயே பலர் பேனாவை மூடிவிடுகிறார்கள். பாடத்தின் சாரமோ இதற்கு அடுத்த வரியில் தொடங்குகிறது. கோடு சொல்லும் விற்பனையை ஒவ்வொரு வாரத்துக்கும் எழுதுங்கள்: 11.4, 15.7, 20.0, 24.3, 28.6. உண்மை விற்பனையிலிருந்து இவற்றைக் கழித்தால் எச்சங்கள் கிடைக்கும்: 0.6, −0.7, 1.0, −2.3, 1.4. கூட்டிப் பாருங்கள், சுழியம். பற்றும் வரவும் நேர்ந்தாலொழியப் பேரேட்டை மூடி வைக்காத நம் பக்கத்துக் கணக்குப்பிள்ளைகளைப் போல, இந்தக் கூட்டல் சுழியமாகும் வரை நீங்களும் அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். அதே கணக்குப்பிள்ளைக்கு இன்னொன்றும் தெரியும்: ஐந்தொகை நேர்ந்துவிட்டது என்பதால் வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று பொருளாகாது. சராசரிப் புள்ளியின் வழியே செல்லும் எந்தக் கோட்டை வரைந்தாலும், அது எவ்வளவு பொருத்தமற்றதாக இருந்தாலும், எச்சங்களின் கூட்டல் சுழியமாகத்தான் வரும். வர்க்கப்படுத்தக் காரணம் இதுவே. எச்சங்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 9.1; வேறு எந்த நேர்கோட்டை வரைந்தாலும் இந்தத் தொகை 9.1-ஐ விடக் கூடும் என்பதுதான் மீச்சிறு வர்க்க முறையின் உறுதிமொழி. 1805-இல் லெஜாந்தர் இம்முறையை முதலில் அச்சில் வெளியிட்டார். 1809-இல் கௌஸ், தாம் 1795 முதலே இதைப் பயன்படுத்தி வருவதாக எழுதி, லெஜாந்தரின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டார்.

அந்த 9.1-இலிருந்துதான் எடுகோள் சோதனையும் பிறக்கிறது. ஐந்து புள்ளிகளில் சாய்வு, வெட்டுத்துண்டு என்று இரண்டை மதிப்பிட்டுவிட்டதால், 5-ஆல் வகுக்காமல் 3-ஆல் வகுக்க வேண்டும். 9.1-ஐ 3-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.742, அதை 10-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் சாய்வின் திட்டப் பிழை 0.5508. சாய்வு சுழியமே என்ற இன்மை எடுகோளுக்கு எதிரான டி மதிப்பு, 4.3-ஐ 0.5508-ஆல் வகுத்தால் வரும் 7.81. மூன்று கட்டின்மைக் கூறுகளுக்கு (மேலே வகுத்த அந்த 3-தான்), இருமுனைச் சோதனையில் 5 சதவீத மட்டத்தில் அட்டவணை காட்டும் மதிப்பு 3.182. நமது மதிப்பு அதைத் தாண்டுவதால் எடுகோளை நிராகரிக்கிறோம்.

விடையை வாக்கியமாக எழுதச் சொல்லும் கேள்வியில்தான் நல்ல மாணவர்களும் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். "ஒரு திருமணம் கூடினால் விற்பனை 4.3 கிலோ கூடும்" என்று எழுதுவது குறைபாடுள்ள விடை. "திருமணம் ஒன்று கூடுதலாக நடக்கும் வாரங்களில், விற்பனை சராசரியாக 4.3 கிலோ கூடுதலாக இருக்கிறது" என்று எழுதுங்கள். 'சராசரியாக' என்ற சொல்லுக்கே பாதி மதிப்பெண் போடுவேன். வெட்டுத்துண்டான 7.1 கிலோவை, திருமணமே நடக்காத மார்கழி வாரத்தின் விற்பனை என்று விளக்கத் தோன்றும்; வேண்டாம். சுழியம் என்ற மதிப்பு நம் தரவுக்குள் இல்லை. மேலும், செட்டிநாட்டில் மார்கழி என்றால் பிள்ளையார் நோன்பும் வரும், அந்த வாரத்தின் பலகாரக் கணக்கே தனி. அதே போல வாரத்துக்குப் பன்னிரண்டு திருமணங்கள் என்று போட்டு 58.7 கிலோ என்று சொல்வதும் ஆகாது. அடுப்பும் ஆளும் அத்தனை கிலோவுக்குத் தாங்குமா என்பது கோட்டுக்குத் தெரியாது.

பத்து நாளும் நாளுக்கு ஒரு கணக்கு போதும். ஐந்து வரிசை எண்களை நீங்களே புனைந்து, சிதறல் படம் வரைந்து, எச்சங்கள் வரை கையால் போடுங்கள். நான்காம் நாளிலேயே பதினேழு சூத்திரங்கள் எதற்கு என்று கேட்பீர்கள்.

கேள்வி: தொடர்புப் போக்குக் கோடுகள் ஏன் இரண்டு? ஒன்று தெரிந்தால் அதைத் திருப்பிப் போட்டு மற்றதைப் பெற முடியாதா? இரண்டு சமன்பாடுகளைக் கொடுத்து எது எந்தக் கோடு என்று கேட்கும் கணக்கில் எப்போதும் தடுமாறுகிறேன். (வணிகவியல் மாணவர், தேவகோட்டை)

பதில்: ஒரு கோடு விற்பனையில் ஏற்படும் பிழையைக் குறைக்கிறது, அதாவது படத்தில் செங்குத்தான தூரங்களைக் குறைக்கிறது. மற்றது திருமண எண்ணிக்கையில் ஏற்படும் பிழையை, அதாவது கிடைத்தூரங்களைக் குறைக்கிறது. குறைக்கும் பொருள் வேறாகும்போது கோடும் வேறாகிறது. மேலே உள்ள கணக்கில், விற்பனையைக் கொண்டு திருமண எண்ணிக்கையை மதிப்பிடும் சாய்வு 43-ஐ 194-ஆல் வகுத்தால் வரும் 0.2216. முதல் கோட்டைத் திருப்பிப் போட்டிருந்தால் 0.2326 என்று வந்திருக்கும். இரண்டும் ஒன்றாக வேண்டுமானால் புள்ளிகள் எல்லாம் ஒரே கோட்டில் நிற்க வேண்டும்.

நீங்கள் சொல்லும் கணக்குக்கு ஒரு மாதிரி தருகிறேன். 4எக்ஸ் − 5ஒய் + 60 = 0; 20எக்ஸ் − 9ஒய் − 20 = 0. இரண்டு கோடுகளும் சராசரிப் புள்ளியில் வெட்டும் என்பதால், சமன்பாடுகளைத் தீர்த்தாலே எக்ஸின் சராசரி 10, ஒய்யின் சராசரி 20 என்று கிடைத்துவிடும். எது எந்தக் கோடு என்பதற்கு ஓர் ஊகத்தில் தொடங்குங்கள். முதலாவது, எக்ஸைக் கொண்டு ஒய்யை மதிப்பிடும் கோடு என்று கொண்டால் கெழு 0.8, இரண்டாவதிலிருந்து மற்றக் கெழு 0.45. பெருக்கினால் 0.36, ஒட்டுறவுக் கெழு 0.6. ஊகத்தை மாற்றியிருந்தால் கெழுக்கள் 1.25, 2.22 என்றாகிப் பெருக்கற்பலன் 2.78 ஆகும், ஒன்றைத் தாண்டுவதால் அது முடியாத விடை. கெழுக்கள் இரண்டும் ஒரே குறி உடையவையாக இருக்க வேண்டும் என்பதையும், அந்தக் குறியே ஒட்டுறவுக் கெழுவுக்கும் வர வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

நான் மாணவனாக இருந்தபோது ஒரு தேர்வில் இவ்வாறே மாற்றிப் போட்டு, ஒட்டுறவுக் கெழு 1.67 என்று எழுதி, அதைச் சுற்றி அழகாகக் கட்டமும் போட்டேன். திருத்தியவர் அந்தக் கட்டத்தைச் சுற்றி இன்னொரு கட்டம் போட்டிருந்தார், சிவப்பு மையில்.

கேள்வி: என் மகள் மூன்று இரவுகளாகக் கையாலேயே கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் அரிசி ஆலையிலேயே கணக்கு எல்லாம் கணினியில்தான். இந்தக் காலத்தில் இந்தக் கைக்கணக்கு தேவையா, ஐயா? (ஒரு தந்தை, புதுவயல்)

பதில்: ஐந்து வரிசை வரை தேவை, ஐம்பது வரிசைக்குத் தேவையில்லை. நெல்லை அரைத்து வரும் அரிசியில் எவ்வளவு குருணை என்று பார்க்க, ஆலையில் ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்ப்பீர்களே, கைக்கணக்கின் பயனும் அதுதான். கணினி தரும் விடை கையில் எப்படி இருக்க வேண்டும் என்ற உணர்வு அதனால் வருகிறது. எனினும் மூன்றாம் இரவு அதிகம். மகளைத் தூங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பள்ளியில் கணித ஆசிரியை நான், தொலைநிலைக் கல்வியில் புள்ளியியலும் படிக்கிறேன். முதல் இடைத்தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற பத்துப் பேரைக் கண்டித்தேன். அடுத்த தேர்வில் அவர்கள் கூடுதலாகப் பெற்றார்கள். மிக அதிகம் பெற்ற பத்துப் பேரைப் பாராட்டினேன், அவர்களுக்குக் குறைந்துவிட்டது. பாராட்டைவிடக் கண்டிப்பே பயன் தரும் என்று கொள்ளலாமா? இதற்கும் 'ரெக்ரஷன்' என்ற பெயருக்கும் தொடர்பு உண்டு என்று ஒருவர் சொன்னார். (ஆசிரியை, கானாடுகாத்தான்)

பதில்: அவர் சொன்னது சரி. இந்தத் தொகுப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான்.

ஆங்கிலச் சொல்லுக்குப் 'பின்னடைதல்', 'திரும்பிச் செல்லுதல்' என்று பொருள். கோடு போடும் முறைக்கு இப்படி ஒரு பெயர் வாய்த்ததற்கு ஃபிரான்சிஸ் கால்டன் காரணம். 1886-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், 205 பெற்றோர் இணைகளின் உயரத்தையும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 928 பேரின் உயரத்தையும் ஒப்பிட்டார். ஆண் பெண் உயர வேறுபாட்டைச் சரிசெய்யப் பெண்களின் உயரங்களை 1.08-ஆல் பெருக்கிக்கொண்டார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாகத்தான் இருந்தார்கள். ஆயினும் பெற்றோர் அளவுக்கு இல்லை. குட்டையான பெற்றோரின் பிள்ளைகளும் அப்படியே சராசரியை நோக்கி நகர்ந்திருந்தார்கள். பெற்றோர் சராசரியிலிருந்து விலகியிருந்த தூரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே பிள்ளைகளிடம் காணப்பட்டது. இதற்கு அவர் சூட்டிய பெயர், பின்னர் முறை முழுவதற்கும் ஒட்டிக்கொண்டது.

இதில் மரபின் மாயம் ஏதுமில்லை. ஒட்டுறவுக் கெழு ஒன்றுக்குக் குறைவாக உள்ள எந்த இரு அளவுகளுக்கும் இது நேரும். மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தேர்வில் கடைசிப் பத்து இடத்தில் இருப்பவர்களில் சிலர் உண்மையிலேயே பாடம் வராதவர்கள். சிலரோ அன்று காய்ச்சலில் இருந்தவர்கள், படிக்காத பகுதியிலேயே கேள்வி வந்து மாட்டிக்கொண்டவர்கள். அடுத்த தேர்விலும் அதே தீயூழ் அதே பிள்ளைகளைத் தேடி வருவதில்லை. ஆகவே நீங்கள் வாய் திறக்காமல் இருந்திருந்தாலும் அந்தப் பத்துப் பேரின் சராசரி ஏறியிருக்கும். பாராட்டாமல் இருந்திருந்தாலும் முதல் பத்துப் பேரின் சராசரி சற்று இறங்கியிருக்கும். இரு தேர்வுகளின் சராசரி 50, திட்ட விலக்கமும் ஒன்றே, ஒட்டுறவுக் கெழு 0.6 என்று வைத்துக்கொண்டால், முதல் தேர்வில் 20 பெற்றவர்களிடம் இரண்டாம் தேர்வில் எதிர்பார்க்க வேண்டிய சராசரி 50 − 0.6 × 30 = 32. கண்டிப்பின் பயனை அறிய வேண்டுமானால், 20 பெற்றவர்களில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துக் கண்டித்து, மறுபாதியைச் சும்மா விட்டு, இரு பாதிகளையும் ஒப்பிட வேண்டும். அப்படிச் செய்யச் சொல்லமாட்டேன். ஆனால் செய்யாத வரையில், கண்டிப்புக்கு ஆதரவாக உங்களிடம் சான்று இல்லை.

கேள்வி: முதுகலை மாணவன். செய்முறைத் தேர்வில் மென்பொருள் தரும் முடிவுகளைப் படித்து விளக்க வேண்டும். நிர்ணயக் கெழு 0.9-க்கு மேல் இருந்து, பி மதிப்பு 0.05-க்குக் கீழ் இருந்தால் மாதிரி நன்று என்று எழுதிவிடலாம் அல்லவா? (கோட்டையூர்)

பதில்: எழுதலாம், திருத்துபவர் கவனமானவராக இருந்தால் அடுத்த கேள்வியாக எச்சப் படத்தைக் கேட்பார். ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் 1973-இல், பதினொரு புள்ளிகள் வீதம் நான்கு தரவுத் தொகுதிகளை அமைத்துக் காட்டினார். நான்கிலும் எக்ஸின் சராசரி 9, ஒய்யின் சராசரி 7.5, கோடு ஒய் = 3 + 0.5எக்ஸ், ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.82. மென்பொருளின் அட்டவணையை மட்டும் பார்த்தால் நான்கும் உடன்பிறப்புகள். படமாக வரைந்தால், முதலாவது வழக்கமான சிதறல்; இரண்டாவது தெளிவான வளைவு; மூன்றாவதில் பத்துப் புள்ளிகள் ஒரே கோட்டில் நிற்க, ஒன்று மட்டும் விலகிக் கோட்டைத் தன் பக்கம் இழுக்கிறது; நான்காவதில் பத்துப் புள்ளிகளுக்கு எக்ஸ் 8, ஒன்றுக்கு மட்டும் 19, அந்த ஒற்றைப் புள்ளியை நீக்கினால் சாய்வு என்பதே இல்லாமல் போகிறது.

எனவே, மதிப்பிட்ட அளவுகளைக் கிடை அச்சிலும் எச்சங்களை நிலை அச்சிலும் குறித்துப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல் பதிக்கும்போது பூவேலை தொடர்ந்து வர வேண்டும் என்று பார்ப்போம். எச்சப் படத்தில் அதற்கு நேர்மாறாக, எந்தக் கோலமும் தென்படக் கூடாது. வளைவு தெரிந்தால் நேர்கோடு பொருந்தவில்லை. விசிறி போல ஒரு பக்கம் விரிந்தால் சிதறல் எங்கும் ஒரே அளவில் இல்லை, ஆகவே திட்டப் பிழைகளை நம்ப முடியாது. கால வரிசையில் அடுக்கிப் பார்க்கும்போது எச்சங்கள் சில வாரம் தொடர்ந்து மேலேயும் சில வாரம் தொடர்ந்து கீழேயும் இருந்தால், அவை ஒன்றையொன்று சார்ந்திருக்கின்றன; பலகாரக் கடைக் கணக்கில், முகூர்த்த மாதமும் முகூர்த்தமில்லாத மாதமும் மாறி மாறி வரும்போது இது எளிதில் நிகழும்.

நிர்ணயக் கெழு 0.95 என்பதை '95 சதவீதம் சரி' என்று எழுதிவிடாதீர்கள். ஒய்யின் மாறுபாட்டில் 95 சதவீதத்தைக் கோடு கணக்கில் கொள்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. பி மதிப்பும் சாய்வு சுழியமாக இருந்தால் இத்தகைய தரவு எவ்வளவு அரிது என்பதைத்தான் சொல்கிறது. சாய்வு பெரியதா, பயனுள்ளதா என்பதற்கு நம்பிக்கை இடைவெளியைப் பாருங்கள். நம் ஐந்து வாரக் கணக்கில் 95 சதவீத இடைவெளி 2.55 முதல் 6.05 வரை நீள்கிறது. நிர்ணயக் கெழு 0.953 ஆக இருந்தும், ஒரு திருமணத்துக்கு இரண்டரைக் கிலோவா ஆறு கிலோவா என்று கடைக்காரரால் தீர்மானிக்க முடியவில்லை.

கேள்வி: எத்தனை தசம இடங்கள் வரை எழுத வேண்டும்? ஒவ்வோர் ஆசிரியரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். (ஒரு மாணவி, பள்ளத்தூர்)

பதில்: இடைப்பட்ட படிகளில் நான்கு இடங்கள், இறுதி விடையில் இரண்டு, வினாத்தாள் வேறு சொன்னால் அதன்படி. திட்டப் பிழை 0.5508 என்பதை 0.6 என்று முன்னதாகவே சுருக்கினால், டி மதிப்பு 7.81 என்று வர வேண்டியது 7.17 ஆகிவிடுகிறது. விடையின் பக்கத்தில் அலகையும் எழுதுங்கள், 4.3 என்று நிறுத்தினால் அது எண், 'திருமணத்துக்கு 4.3 கிலோ' என்று எழுதினால்தான் அது சாய்வு.